எட்டுப் போட்ட ராட்டை

நூல் மறுபடியும் அறுந்தது.

"அஞ்சாவது தடவை!" என்றாள் கனகவல்லி. அவள் ஆறாம் வகுப்பு லீடர். எதையும் எண்ணிச் சொல்வதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஹில்டா, கையில் மிச்சமிருந்த பஞ்சுத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் காந்தி ஜெயந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வகுப்பும் ஒரே ஓர் இழை நூற்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முதல் பெண் தொடங்குவாள். ஐந்து நிமிடம் ஆனதும் அடுத்தவள் உட்கார்ந்து அதே நூலைத் தொடருவாள். ஆறாம் வகுப்பில் முப்பத்தாறு பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முடியும்.

நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கூடாது. அறுந்த முனையைப் பஞ்சோடு பஞ்சாகச் சேர்த்து முறுக்க வேண்டும். மூன்று தடவைக்கு மேல் அறுந்துவிட்டால் அந்த வகுப்பின் சிட்டம் மேடையில் வைக்கப்படாது. சிட்டம் என்றால் நூற்ற நூலைச் சுற்றிக் கட்டிய கட்டு.

ஒத்திகையில் மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு தடவைதான் அறுந்தது. ஹில்டா உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் ஐந்து தடவை.

கைத்தொழில் டீச்சர் திரிபுரசுந்தரி நல்லவர். திட்டவில்லை. ஹில்டாவின் தோளைத் தட்டினார்.

"ஹில்டா, அன்னிக்கு நீ எல்லாருக்கும் திரி எடுத்துக் குடும்மா. அதுவும் முக்கியமான வேலைதான்."

"சரி டீச்சர்" என்றாள் ஹில்டா. அவள் குரல் சரியாக இல்லை.

அவள் எழுந்து வந்து அபிதகுஜாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அபிதகுஜாம்பாள் என்பது ஒரே பெண்ணின் பெயர்தான். வருகைப் பதிவேட்டின் கட்டத்துக்குள் அது அடங்காது. அதனால் எல்லோரும் அபிதா என்றார்கள்.

அபிதாவுக்கு அந்த அறையை விட்டு வெளியே போகவே மனம் வராது. அங்கே எத்தனை விதமான ராட்டைகள்! மேசை மேல் தக்ளிகள் கிடந்தன. தக்ளிக்குச் சக்கரமே கிடையாது. ஒரு கம்பி, அதன் அடியில் ஒரு பித்தளை வட்டம், அவ்வளவுதான். விரலால் சுண்டிவிட்டால் பம்பரம் போலச் சுற்றி நூலை முறுக்கும். சட்டைப் பையில் வைத்து ரயிலில்கூடக் கொண்டுபோகலாம்.

மூலையில் நின்றது பெரிய மர ராட்டை. அதன் சக்கரம் அபிதாவின் இடுப்பு உயரம். வீட்டில் ஓரிடத்தில் வைத்துத் தடித்த நூல் நூற்க அது ஏற்றது. ஜன்னலோரம் அம்பர் ராட்டை இருந்தது. அதில் கைப்பிடியைச் சுற்றினால் ஒரே நேரத்தில் நாலு நூல் ஓடும். நிறைய நூல் வேண்டுமென்றால் அதுதான். அதைத் தொட எட்டாம் வகுப்புக்கு மட்டுமே அனுமதி.

ஆறாம் வகுப்புக்குப் பெட்டி ராட்டை. மூடினால் சின்ன சூட்கேஸ். திறந்தால் உள்ளே ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்னச் சக்கரம், கடைசியில் கதிர். கதிர் என்பது நூலை முறுக்கும் மெல்லிய இரும்புக் கம்பி. கயிறுகள்தான் ஒன்றை ஒன்று ஓட்டும். அபிதா ஒருநாள் சக்கரங்களில் மையால் புள்ளி வைத்து மெதுவாகச் சுற்றி எண்ணிப் பார்த்தாள். பெரியது ஒரு தடவை சுற்றினால் சின்னது ஐந்து தடவை சுற்றியது. சின்னது ஒரு தடவை சுற்றினால் கதிர் இருபது தடவை.

அப்படியானால் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் கதிர் நூறு சுற்று! அன்று இரவு அபிதா சாப்பிடும்போதுகூடத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் ஹில்டாவின் இடது கையைப் பார்த்தாள். ஹில்டா எல்லாவற்றையும் அந்தக் கையால்தான் செய்வாள்.

பள்ளி விட்டதும் இருவரும் சேலையூர் ஏரிக்கரை வழியாக நடந்தார்கள்.

"கோலப் போட்டியில பொடி எடுத்துக் குடுத்தேன்" என்றாள் ஹில்டா. "டிராமால ராஜாவுக்குத் தலைப்பாகை எடுத்துக் குடுத்தேன். இப்ப பஞ்சு. இந்த ஸ்கூல்ல நான் படிக்கிறதே எடுத்துக் குடுக்கிறதுக்குத்தான் போல."

"வலது கையால சுத்திப் பாத்தியா?"

"பாத்தேனே. வீட்ல ஒரு வாரம் பழகினேன் தக்ளில. நூலா அது? எங்கப்பா பாத்துட்டு, சேமியா எங்கே வாங்கினேன்னு கேட்டாரு."

அபிதா சிரித்துவிட்டாள். ஹில்டாவும் சிரித்தாள். ஆனால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

"இடது கையால தனியா நூத்தா நல்லாத்தான் வருது அபிதா. இதைப் பாரு."

அவள் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். அதில் வெள்ளை வெளேரென்று நூல் சுற்றியிருந்தது. அபிதா ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நின்றது.

"இது நல்லா இருக்கே! அப்புறம் ஏன் கிளாஸ்ல மட்டும் அறுந்துது?"

"கனகா சொல்றா, என் கை ராசி அப்படின்னு."

அபிதாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ராசி சக்கரத்தைச் சுற்றாது, கயிற்றை இழுக்காது. வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் புளியமரத்தடியில் கன்னியம்மாவும் குப்பனும் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். படப்பைப் பக்கமிருந்து வந்த தேங்காய் நார் மலைபோலக் குவிந்திருந்தது. கன்னியம்மா ஒரு பெரிய மரச் சக்கரத்தைச் சுற்றினார். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு கொக்கி கிறுகிறுவென்று சுழன்றது. அந்தக் கொக்கியில் மாட்டிய நாரைப் பிடித்தபடி குப்பன் பின்பக்கமாக நடந்தார். இடுப்பு மடியிலிருந்து நாரை விட்டுக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகப் போக, அவர் கைக்கு முன்னால் கயிறு பிறந்துகொண்டே வந்தது.

அபிதா நின்றுவிட்டாள். இதுவும் ராட்டைதான்! பஞ்சுக்குப் பதில் நார். உட்கார்ந்து நூற்பதற்குப் பதில் நடந்து நூற்கிறார்கள். தினமும் இந்த வழியாகப் போகிறோம், இத்தனை நாள் இது தெரியவில்லையே!

கன்னியம்மா சக்கரத்தை நிறுத்திவிட்டு, கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்தார். மறுபடி கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார்.

"ஏய், ஏய்! இன்னாம்மே பண்ற?" என்று தூரத்திலிருந்து குப்பன் கத்தினார். "ரிவர்ஸ்ல வுட்டுகினு கீறே! கயிறு தாடி மாதிரி பிரிஞ்சிகினு வருது பாரு!"

"அட, ஆமா!" கன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "பேச்சைப் பாரு பேச்சை. இன்னும் டீ வாங்கித் தர்ல, கை எந்தப் பக்கம் போவுதுன்னு எனக்கின்னா தெரியும்?"

குப்பனின் கையில் இருந்த கயிறு புஸ்ஸென்று உப்பிப் பிரிந்து, நடுவில் அறுந்து விழுந்தது.

அபிதா ஹில்டாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஹில்டா! அறுந்தது உன் நூலே இல்லடி!"

"என்ன உளர்றே?"

"நீ உட்கார்றதுக்கு முன்னாடி கனகா நூத்தா இல்ல? அறுந்தது அவளோட நூல். நீ சுத்த ஆரம்பிச்சதும் அது இந்தக் கயிறு மாதிரி பிரிஞ்சுபோச்சு!"

ஹில்டா விழித்தாள். அபிதா அவளைச் சாலையோரக் கல்லில் உட்காரவைத்தாள். தன் பையிலிருந்து, பழகுவதற்காகத் தனியே நூற்ற நூலை எடுத்து, ஹில்டாவின் பென்சில் நூலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இருவரும் மூக்கு முட்டுமளவு குனிந்து பார்த்தார்கள்.

அபிதாவின் நூலில் முறுக்குக் கோடுகள் வலப்பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறின. ஹில்டாவின் நூலில் இடப்பக்கமாகச் சாய்ந்து ஏறின. கண்ணாடியில் பார்ப்பது போல!

உங்களுக்கும் இது எளிதாகப் புரியும். ஈரப் போர்வையை இரண்டு பேர் பிடித்துப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கிய போர்வையை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? முறுக்கு அவிழ்ந்துவிடும். நூலும் அப்படித்தான். பஞ்சு நூலாக நிற்பதே முறுக்கால்தான். பசை இல்லை, முடிச்சு இல்லை. முறுக்கு போனால் மறுபடி வெறும் பஞ்சு.

வலது கைக்காரர்கள் சக்கரத்தைக் கடிகார முள் போகும் திசையில் சுற்றினார்கள். ஹில்டா பெட்டியைத் திருப்பி வைத்து இடது கையால் சுற்றியபோது அவள் கை தானாகவே எதிர்த்திசையில் போனது. அவள் தன் நூலை முறுக்கத் தொடங்கும் முன்பே பழைய நூல் அவிழ்ந்துவிட்டது.

"அப்ப என் கை ராசி இல்லையா?"

"ராசியும் இல்ல, பூசியும் இல்ல. திசை!"

"அப்ப நான் இடது கையாலயே மத்தவங்க சுத்துற பக்கமா சுத்தறேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்றுதான் அபிதாவும் நினைத்தாள். ஹில்டா அங்கேயே காற்றில் சுற்றிப் பார்த்தாள். கையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை சரியாகச் சுற்றியது. வலது கையால் பஞ்சை இழுப்பது போல நினைத்து அந்தப் பக்கம் திரும்பியதும், இடது கை நைசாகத் தன் பழைய திசைக்குப் போய்விட்டது. பத்து முறை முயன்றாள். பத்து முறையும் அப்படியே.

"கையைப் பாத்தா பஞ்சைப் பாக்க முடியல. பஞ்சைப் பாத்தா கை ஏமாத்துது" என்றாள் ஹில்டா. "இன்னும் மூணு நாள்தான் இருக்கு. விடு அபிதா. நான் திரியே எடுத்துக் குடுக்கறேன்."

அவள் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

அன்று மாலை அபிதாவை அம்மா மாவு மில்லுக்கு அனுப்பினாள். கேம்ப் ரோட்டில் துரை அண்ணனின் மில் எப்போதும் வெள்ளைப் புகைக்குள் இருப்பது போல இருக்கும். துரை அண்ணனின் புருவம்கூட மாவாக இருக்கும்.

"டப்பாவை வெச்சுட்டுத் தள்ளி நில்லு பாப்பா. பெல்ட்டு பக்கத்துல வராதே."

அபிதா தள்ளி நின்றாள். ஆனால் கண்ணைத் தள்ளி வைக்க முடியவில்லை. சுவரோரம் நீளமான தண்டு ஒன்று சுழன்றது. அதில் இரண்டு பெல்ட்டுகள். ஒன்று மிளகாய் மெஷினுக்கு நேராகப் போனது. இன்னொன்று கோதுமை மெஷினுக்குக் குறுக்காகப் போனது. நடுவில் ஒருமுறை திருகி, எட்டு எழுதினது போல!

மிளகாய் மெஷினின் சக்கரம் தண்டு சுற்றும் பக்கமே சுற்றியது. கோதுமை மெஷினின் சக்கரம்...

அபிதா மூச்சை நிறுத்திப் பார்த்தாள். அது எதிர்ப்பக்கம் சுற்றியது.

ஒரே தண்டு. ஒரே வேகம். பெல்ட்டை ஒருமுறை திருகியதும் சக்கரம் அப்படியே திசை மாறிவிட்டது. அந்தப் பெல்ட் எத்தனை வருடமாக அங்கே ஓடுகிறதோ! எத்தனை தடவை அதன் எதிரில் நின்று தும்மியிருக்கிறாள்!

"அண்ணா, அந்தப் பெல்ட்டை ஏன் எட்டு மாதிரி போட்டிருக்கீங்க?"

"எங்க நைனா காலத்துலேர்ந்து அப்படித்தான் பாப்பா கீது" என்றார் துரை அண்ணன். "இன்னா, கோதுமை நைசா வோணுமா, ரவை மாதிரியா?"

"எட்டு மாதிரி" என்றாள் அபிதா.

மறுநாள் எட்டரை மணிக்கெல்லாம் அபிதா, ஹில்டாவை இழுத்துக்கொண்டு கைத்தொழில் அறைக்கு வந்துவிட்டாள். திரிபுரசுந்தரி டீச்சர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அபிதா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கயிறைத் திருகிப் போடறதா?" டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இருபது வருஷமா நூற்கச் சொல்லித்தரேன். இப்படி யாரும் கேட்டதில்லையே. அலமாரியில ஒரு பழைய பெட்டி இருக்கு, அதுல செஞ்சு பாரு. கெட்டுப்போனா நான் பொறுப்பில்லை."

அபிதா சின்னச் சக்கரத்திலிருந்து கதிருக்குப் போகும் கயிற்றைக் கழற்றி, எட்டாகத் திருகி மாட்டப் பார்த்தாள். எட்டவில்லை. இரண்டு விரல் அகலம் குறைந்தது. குறுக்கே போகும் வழி நேர்வழியைவிடக் கொஞ்சம் நீளம் அல்லவா!

"அவ்வளவுதான், போச்சு" என்றாள் ஹில்டா.

"உன் பென்சில் நூலைக் குடு."

ஹில்டாவின் நூலை எட்டு இழையாக மடித்தார்கள். ஒரு முனையை ஹில்டா பிடித்துக்கொண்டாள். மறுமுனையை அபிதா முறுக்கினாள், முறுக்கினாள், நூல் துள்ளும்வரை முறுக்கினாள். பிறகு நடுவில் பிடித்து மடித்தார்கள்.

யாரும் தொடாமலே இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டன! பாம்பு போல நெளிந்து, ஒரு நொடியில் கெட்டியான கயிறாகிவிட்டது. டீச்சர்கூட "அடடே" என்றார்.

"டீச்சர், ராட்டைக் கயிறுக்கு முடிச்சுப் போடலாமா?" என்று கேட்டாள் ஹில்டா.

"போடும்மா. நூலுக்குத்தான் கூடாது."

எட்டுத் தயார். பக்கத்துப் பெட்டியில் அபிதா ஒரு முழம் நூல் நூற்றாள். பிறகு கதிரை நூலோடு அப்படியே கழற்றி, ஹில்டாவின் பெட்டியில் மாட்டினாள்.

ஹில்டா பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலது கையில் பஞ்சை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் தனக்குப் பிடித்த திசையில் சுற்றினாள்.

விர்ர்ர்...

கயிறு நடுவில் லேசாக உரசியது. கை எதிர்த்திசையில் போனாலும் கதிர் மற்றவர்களின் பக்கமே சுழன்றது. பஞ்சின் நுனியிலிருந்து நூல் நீண்டது. ஒரு சாண். ஒரு முழம். கை போகுமட்டும் நீண்டது.

"கண்ணைத் திற, ஹில்டா" என்றாள் அபிதா மெதுவாக.

ஹில்டா கண்ணைத் திறந்து, தன் கையிலிருந்து கதிர்வரை போன நூலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் மணி அடித்து வகுப்பே வந்துவிட்டது. கனகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நகருங்க, நான் பாக்கறேன்." அவள் உட்கார்ந்து வலது கையால் டுர்ரென்று சுற்றினாள். நூல் புஸ்ஸென்று உப்பி அறுந்தது. மறுபடி சுற்றினாள். மறுபடி அறுந்தது.

"டீச்சர், இந்தப் பெட்டி ரிப்பேர்!"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹில்டா. "உன் கை ராசி எப்படியோ, கனகா!"

அறையே சிரித்தது. கனகவல்லி முதலில் முறைத்தாள். பிறகு ஹில்டாவின் கை, கயிற்றின் எட்டு, கதிர் எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏய், இது எப்படிடி வேலை செய்யுது? எனக்கும் சொல்லு."

ஹில்டா சொல்லிக்கொடுத்தாள். போர்வை உதாரணத்தையும் விடவில்லை.

காந்தி ஜெயந்தி அன்று பிரார்த்தனை மண்டபத்தில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராட்டைகளின் ரீங்காரம் மட்டும் கேட்டது. நடுநடுவே தூரத்தில் மின்சார ரயில் ஒன்று தாம்பரம் ஸ்டேஷனுக்குள் நுழையும் சத்தம்.

ஆறாம் வகுப்பின் நூல் மொத்தத்தில் ஒரே ஒரு தடவை அறுந்தது. அது அபிதகுஜாம்பாளின் முறையில். பஞ்சைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்?

இருபத்தோராவதாக ஹில்டாவின் பெயரை அழைத்தார்கள். அபிதா கதிரைக் கழற்றி எட்டுப் போட்ட பெட்டியில் மாட்டினாள். முன்வரிசையில் கனகவல்லி எண்ண மறந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம். ஹில்டாவின் இடது கை சுற்றிக்கொண்டே இருந்தது. வலது கை பறவை போல மேலே போய் மேலே போய்த் தாழ்ந்தது. மணி அடித்தபோது நூல் அறுபடாமல் அவள் விரலில் நின்றது. கதிர் மற்றவர்களின் பெட்டிக்குத் திரும்பியது. அடுத்தவள் உட்கார்ந்து தொடர்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு நூலை மரச் சட்டத்தில் சுற்றிச் சிட்டமாகக் கட்டினார்கள். மேடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் திரிபுரசுந்தரி டீச்சர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஹில்டா, இதுல உன் நூல் எங்கேம்மா இருக்கு?"

ஹில்டா குனிந்து தேடினாள். கனகவல்லி தேடினாள். அபிதா ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, கோடுகள் சாயும் பக்கத்தைப் பார்த்தபடி விரலை மெதுவாக ஓட்டினாள். எங்கே பார்த்தாலும் கோடுகள் ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தன. முப்பத்தாறு பேர் நூற்றது, ஒருத்தி நூற்றது போல வெள்ளையாக, மெல்லியதாக, அவள் விரலடியில் போய்க்கொண்டே இருந்தது.

"தெரியல டீச்சர்" என்றாள் ஹில்டா. அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.